வாரம் இரண்டு குளியல், ஓயாத அரிப்பு: மடிப்பாக்கத்து லாப்ரடார் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

சீசர். ஆண் லாப்ரடார், மஞ்சள் நிறம், ஐந்து வயது. எடை 36 கிலோ. அதன் உடல்வாகுக்கு மூன்று, நான்கு கிலோ கூடுதல். சென்னை மடிப்பாக்கத்தில் இரண்டாவது மாடி ஃப்ளாட்டில் வளர்கிறது. வீட்டில் பாட்டி, ஓ.எம்.ஆர். பக்கம் வேலைக்குப் போகும் மகன், மருமகள், பள்ளிக்கூடம் போகும் பேத்தி. தடுப்பூசியெல்லாம் காலத்தில் போட்டிருந்தார்கள். காலையில் பாக்கெட் தீனி, ராத்திரி சிக்கன் போட்ட சோறு.

என்னைக் கூப்பிட்டது அக்டோபர் கடைசியில், வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்ட வாரத்தில். இடது காதுக்குக் கீழே, கழுத்தில், உள்ளங்கை அகலத்துக்கு மயிர் கொட்டி, சிவந்து, நீர் கசிந்துகொண்டிருந்தது. முந்தின ராத்திரி இல்லையாம், காலையில் பார்த்தால் இருக்கிறதாம். அது புதுப் புகார். பழைய புகார் ஒன்றரை வருஷத்துக் கதை: அரிப்பு, நாற்றம், மாறி மாறி இரண்டு காதிலும் வலி. வேறொரு இடத்தில் ஊசி போடும்போதெல்லாம் கொஞ்ச நாள் அடங்கியிருக்கிறது, பிறகு திரும்பியிருக்கிறது.

பாட்டி கேட்டது இதுதான்: "வாரத்துக்கு ரெண்டு வாட்டி குளிப்பாட்டறோம் டாக்டர். செவ்வாய், வெள்ளி தவறினதே இல்ல. தெருவுல கிடக்கற நாய யாரு குளிப்பாட்டறா? அதுங்கல்லாம் நல்லாத்தானே இருக்கு? நம்ம வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் ஏன் குளிச்ச மறுநாளே நாத்தம் அடிக்குது?"

தெருநாய்கள் எல்லாம் நன்றாக இருக்கின்றன என்பது உண்மையில்லை. சொறி பிடித்த நாய் ஒன்றாவது இல்லாத தெரு சென்னையில் குறைவு. ஆனாலும் கேள்வியின் பின்பாதி நியாயமானது. குளித்த மறுநாளே நாற்றம் வருகிறது என்றால், சந்தேகப்பட வேண்டியது முதலில் குளியலைத்தான்.

பரிசோதனையில் கண்டது

உடல் வெப்பம் 102 டிகிரி ஃபாரன்ஹீட். நாய்க்கு 101 முதல் 102.5 வரை இயல்பு என்பதால் காய்ச்சல் இல்லை. கழுத்துப் புண்ணைச் சுற்றி மயிரை வழித்தபோது வெளியே தெரிந்ததைப் போல இரண்டு பங்கு அகலம் இருந்தது. ஹாட் ஸ்பாட் என்று சொல்லும் இந்த ஈரப்புண்ணில் பெரும்பாலும் அப்படித்தான். மேலே மயிர் மூடியிருக்க, அடியில் பரவிக்கொண்டிருக்கும். என் கண்ணை உறுத்தியது அதன் அளவல்ல, கீழ் ஓரம். அது கோடு போட்டாற்போல நேராக முடிந்தது. அந்தக் கோடு சீசரின் நைலான் கழுத்துப்பட்டை ஓடும் இடம்.

அக்குளிலும் தொடை இடுக்கிலும் தோல் தடித்துக் கறுத்திருந்தது. தொட்டால் விரலில் பிசுபிசுப்பு, முகர்ந்தால் கெட்டுப்போன எண்ணெய் வாடை. பாத விரல்களுக்கிடையில் வெள்ளை மயிர், நக்கி நக்கிப் பழுப்பேறியிருந்தது. செல்லோடேப்பை அக்குளில் ஒட்டி எடுத்து, சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் வைத்தால், எந்தப் பக்கம் நகர்த்தினாலும் நிலக்கடலை போல நடுவில் இடுப்பு ஒடுங்கிய செல்கள். தோலில் வளரும் பூஞ்சை வகையான மலசீசியா ஈஸ்ட். இடது காதின் பழுப்பு அழுக்கிலும் அதே ஈஸ்ட்தான். செவிப்பறை கிழியாமல் இருந்தது. கழுத்துப் புண்ணின் நீரில் சீழ் செல்களும் உருண்டை பாக்டீரியாக்களும் இருந்தன. நாய்த்தோலில் சீழ் பிடித்தால் பெரும்பாலும் காரணமாவது ஸ்டஃபிலோகாக்கஸ் சூடின்டர்மீடியஸ் என்ற பாக்டீரியா. 2005இல்தான் அதைத் தனி இனமாகப் பிரித்து விவரித்தார்கள்.

தோலைச் சுரண்டிப் பார்த்ததில் சொறிப்பூச்சி எதுவும் இல்லை. காது மடலுக்குள் சில உண்ணிகள் இருந்தன. உண்ணியைப் பார்த்துவிட்டு, அது பரப்பும் எர்லிக்கியா நோயை நினைக்காமல் இந்த ஊரில் வைத்தியம் பார்க்க முடியாது என்பதால் ரத்தம் எடுத்தேன். பிளேட்லெட் எண்ணிக்கை உட்பட எல்லாம் சரியாக இருந்தது.

ஈஸ்ட்டும் இந்த பாக்டீரியாவும் வெளியிலிருந்து தொற்றியவை அல்ல. ஆரோக்கியமான நாயின் தோலிலும் காதிலும் கொஞ்சமாக எப்போதும் குடியிருப்பவைதான். ஈரமும் பிசுக்கும் கூடி, தோலின் மேல்காப்பு கெடும்போது பெருகிவிடுகின்றன. ஆகவே கிருமியின் பெயர் தெரிந்ததால் பாதி வேலைதான் முடிந்தது. பெருகுவதற்கு இடம் கொடுத்தது எது என்பது இன்னும் தெரியவில்லை.

"எப்படிக் குளிப்பாட்டுகிறீர்கள்?" என்று கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான் வரும்: "நல்லா சோப்பு போட்டுத்தான் சார்." அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அதனால் முதலில் கழுத்துப் புண்ணுக்கு மட்டும் வைத்தியம் செய்தேன். மயிரை வழித்து, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் கரைசலால் துடைத்து, அரிப்பு அடங்க சில நாளைக்கு மாத்திரை கொடுத்து, கழுத்தில் கூம்பு மாட்டி விட்டேன். புண் காய்ந்து பொருக்கு விட்டபின் ஒரு வெள்ளிக்கிழமை, "வழக்கமாக எப்படியோ அப்படியே குளிப்பாட்டுங்கள், நான் நடுவில் எதுவும் சொல்ல மாட்டேன்" என்று கேட்டுக்கொண்டு பால்கனி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமைக் குளியல்

வெள்ளிக்கிழமை வீடு கழுவி விளக்கேற்றும் நாள். நாயும் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது பாட்டியின் ஏற்பாடு. அவருக்கு விளக்கு வைப்பதற்கு முன்பே முடித்துவிட ஆசைதான். மகன் வீடு வந்து சேரவே ஏழரை ஆகிவிடுகிறது.

குளியல் நடந்த இடம் பின்பக்க பால்கனி, வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில். வழவழப்பான டைல்ஸ் தரை. தண்ணீர் பட்டதும் சீசரின் நான்கு காலும் நான்கு திசையில் போக ஆரம்பித்தன. குளியல் என்றால் பயம் என்று வீட்டார் சொன்ன நாய்க்கு உண்மையில் பயம் தரைமேல்தான். ஆனால் விளைவு ஒன்றே: அது முரண்டு பிடிக்கும், மகன் அவசரப்படுவார், முழுக் குளியலும் கடகடவென்று முடிந்துவிடும்.

சீவாமலே தண்ணீர் ஊற்றினார்கள். முதல் சில மக் தண்ணீர் முதுகிலிருந்து வழுக்கிக் கீழே ஓடிற்று, உள்ளே இறங்கவில்லை. இது லாப்ரடாரின் பிறவிக் குணம். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடற்கரையில் மீனவர்களோடு குளிர்ந்த நீரில் வேலை செய்த நாய்களின் வழி வந்த இனம். மேலே எண்ணெய்ப் பசையுள்ள முரட்டு மயிர், அடியில் பஞ்சு மாதிரி அடர்ந்த அடிமயிர். தண்ணீர் தோல்வரை எளிதில் போகாது. போய்விட்டால் எளிதில் வெளியே வராது. நம் சிப்பிப்பாறைக்கோ ராஜபாளையத்துக்கோ இந்தத் தொல்லை கிடையாது. குட்டை மயிர்; வெயிலில் கொஞ்ச நேரம் ஓடினால் காய்ந்துவிடும். பாட்டி சொன்ன தெருநாய்களும் பெரும்பாலும் அந்த ரகம்தான். சீசருக்கோ உதிர்ந்த அடிமயிர் கழுத்திலும் பின்தொடையிலும் கத்தையாக அடைந்திருந்தது. சீவாமல் நனைத்தால் அந்தக் கத்தை இன்னும் இறுகும்.

அடுத்து சோப்பு. வீட்டார் குளிக்கிற அதே சோப்புக்கட்டி. தண்ணீர் போர் தண்ணீர். குழாய் வாயில் வெள்ளைப் படிவம் கட்டியிருந்தது. நுரை வரவில்லை. வராததால் மகன் இன்னும் தேய்த்தார், இன்னும் தேய்த்தார். கடின நீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்பின் கொழுப்பு அமிலத்தோடு சேர்ந்து தண்ணீரில் கரையாத உப்பாகத் திரிந்துவிடும். பக்கெட் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒட்டுமே, அது. பக்கெட்டில் ஒட்டுவது மயிரிலும் ஒட்டும். பக்கெட்டைத் தேய்த்துக் கழுவலாம், அடிமயிரை அப்படித் தேய்க்க முடியாது.

தலையில் நேராக மக் தண்ணீர். காதுக்குள்ளும் போயிற்று. நாயின் காதுக்குழாய் முதலில் கீழே இறங்கிப் பிறகு உள்பக்கம் மடங்குகிறது. உள்ளே போன நீர் மடக்கில் தேங்கும், லாப்ரடாரின் மடிந்த காது மேலே மூடியும் போட்டுவிடும். ஈஸ்ட்டுக்கு இதைவிட வசதி வேண்டாம்.

பிறகுதான் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. ஒரு பக்கெட் தண்ணீரில் அலசி முடித்ததும் மருமகள் சமையலறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குடத்தைத் தூக்கி வந்தார். அதில் இருந்தது ஆர்.ஓ. மெஷினின் கழிவுத் தண்ணீர். 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது டேங்கர் லாரிக்காக ராத்திரி முழுக்க விழித்திருந்த குடியிருப்பு அது. அதன் பிறகு ஒரு சொட்டை வீணாக்க அந்த வீட்டில் யாருக்கும் மனசு வருவதில்லை, அதைக் குறை சொல்ல எனக்கும் வாயில்லை. ஆனால் ஆர்.ஓ. செய்யும் வேலையே உப்பைப் பிரித்து ஒரு பக்கம் தள்ளுவதுதான். தள்ளப்பட்ட தண்ணீரில் போர் தண்ணீரில் இருப்பதைவிட உப்பு அதிகம். தரை துடைக்கலாம், கழிப்பறைக்கு ஊற்றலாம். இங்கே அதைக் கடைசி அலசலுக்கு, "கிருமி போக" ஒரு மூடி ஆன்டிசெப்டிக்கும் கலந்து தலையோடு ஊற்றி, அப்படியே விட்டுவிட்டார்கள். காயத்துக்கும் தரைக்கும் என்று வீடுகளில் வைத்திருக்கும் அந்தப் பழுப்புத் திரவம் பீனால் வகையைச் சேர்ந்தது. தோலை எரிச்சலூட்டும், நாய் நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும். பூனை உள்ள வீட்டில் அதைக் குளியலுக்கு நினைக்கவே கூடாது. பீனால் வகைகளை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு.

துவட்டியது ஒரே ஒரு டர்க்கி டவலால், முதுகுப் பக்கம் மட்டும். உடனே கழுத்துப்பட்டை. சீசர் ஒரு உதறு உதறிவிட்டு வாஷிங் மெஷின் பக்கத்து மிதியடியில் சுருண்டது. வெளியே தூறல். பால்கனிக் கம்பியில் போட்ட துணியே காயாத நேரம். மறுநாள் காலையில் பேத்தியைப் பட்டையைக் கழற்றி, மயிரைப் பிரித்து, தோலைத் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தேன். "அங்கிள், உள்ள இன்னும் ஈரமா இருக்கு" என்று போன் செய்தாள். வாரத்தில் இரண்டு ராத்திரி முழுக்க அந்தக் கழுத்து நனைந்த கட்டுப் போட்ட மாதிரி இருந்திருக்கிறது.

இன்னொன்றும் பேச்சுவாக்கில் தெரிந்தது. உண்ணிக்கு மாதாமாதம் பிடரியில் மருந்து விடுகிறார்கள், ஃபிப்ரோனில் வகை. விடுவது வியாழக்கிழமை, "மறுநாள் குளிக்கப் போறானே, அதுக்கு முன்னாடி" என்று. அந்த மருந்து தோலின் எண்ணெயில் பரவித்தான் வேலை செய்யும். அதனால்தான் விடுவதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் குளிப்பாட்டக் கூடாது என்பது. காது மடலில் உண்ணி இருந்ததற்கு விளக்கம் கிடைத்துவிட்டது.

எது முக்கியக் குற்றவாளி

நாய் வளர்ப்போர் நடுவே இப்போது பிஎச், அதாவது அமில-கார அளவு பற்றிய பேச்சு அதிகம். மனிதத்தோல் அமிலப் பக்கம், நாய்த்தோல் நடுநிலைக்குக் கிட்டே, ஆகவே மனித ஷாம்பு விஷம் என்கிற அளவுக்குப் போகிறார்கள். வேறுபாடு உண்மைதான். நாயின் மேல்தோல் நம்முடையதைவிட மெல்லியது என்பதும் உண்மை. சோப்புக்கட்டியின் காரத்தன்மை இருவர் தோலுக்குமே அதிகம். ஆனால் அவசரத்துக்கு ஒரு முறை குழந்தை ஷாம்பு போட்டுச் சுத்தமாக அலசித் துவட்டிய நாய்க்கு ஒன்றும் ஆகிவிடாது. விலை உயர்ந்த நாய் ஷாம்புவே போட்டாலும், அரைகுறையாக அலசி ஈரத்தோடு படுக்க விட்டால் சீசருக்கு இதே கதிதான் வந்திருக்கும். இந்தக் கேஸில் முதல் குற்றவாளி காயாத அடிமயிர், இரண்டாவது போகாத சோப்புப் பிசுக்கு. மற்றதெல்லாம் துணை. கடலோர ஊரின் காற்றில் ஈரத்துக்குக் குறைவே கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் சொல்லவே வேண்டாம். தானாகக் காயட்டும் என்று விட்டால் அடர்த்தியான அடிமயிர் காயாது.

குளியலைக் குறைத்துவிடலாமா? நோயில்லாத லாப்ரடாருக்கு மாதம் ஒன்றிரண்டு குளியலே போதும் என்று நினைக்கிறேன். ஆனால் சீசருக்கு அப்போது குளியலே மருந்தாக வேண்டியிருந்தது. மலசீசியா தோல் நோய்க்கு 2 சதவீத குளோர்ஹெக்சிடினும் பூஞ்சையைக் கொல்லும் 2 சதவீத மைக்கோனசோலும் சேர்ந்த ஷாம்புவை வாரம் இருமுறை போடும்படி உலகக் கால்நடைத் தோல் மருத்துவ சங்கத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. சொன்னதும் பாட்டி முகம் மலர்ந்தது.

"அப்ப செவ்வாய், வெள்ளி மாத்த வேண்டாமில்ல?"

"வேண்டாம்மா. சாயங்காலத்த மட்டும் காலையா மாத்துங்க."

மாற்றிய முறை

சீவுவது முந்தின நாள் ராத்திரி, உலர்ந்த மயிரில். அடிமயிர் வாரும் சீப்பு ஒன்று வாங்கச் சொன்னேன். முதல் நாள் அரை பாலிதீன் பை மயிர் வந்தது. அது போனதாலேயே தண்ணீர் தோலைத் தொட ஆரம்பித்தது.

டைல்ஸ் மேல் நனைத்த கோணிப்பை விரித்தார்கள். சீசரின் நகம் பிடிக்க இடம் கிடைத்ததும் முரண்டு பாதியாகக் குறைந்தது. இந்த வீட்டில் நான் சொன்னவற்றிலேயே செலவில்லாததும் உடனே பலித்ததும் இதுதான்.

தண்ணீர் விஷயத்தில் பேத்தியைத்தான் வேலை வாங்கினேன். குடியிருப்பில் குடிக்க, சமைக்க மெட்ரோ வாட்டர் லாரித் தண்ணீர் தனி சம்ப்பில் இருக்கிறது. அது, போர் தண்ணீர், ஆர்.ஓ. கழிவு மூன்றையும் மூன்று பாட்டிலில் பிடித்து, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் சோப்புச் சீவல் போட்டுக் குலுக்கினாள். முதல் பாட்டில் நுரைத்தது. இரண்டாவதில் கொஞ்சம் நுரை, நிறையத் திரிந்த கசடு. மூன்றாவது கலங்கித் திரிந்து நின்றது. குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். டிடிஎஸ் மீட்டரை நீட்டி எண் சொல்வது வேறு கணக்கு, அது எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டும். பாட்டியை நம்ப வைத்தது எண்ணல்ல, பாட்டில். முடிவாக, நனைப்பதும் முதல் அலசலும் போர் தண்ணீரில், கடைசி ஒரு பக்கெட் மட்டும் சம்ப் தண்ணீரில் என்று ஏற்பாடு. சோப்புக்குப் பதில் ஷாம்பு என்பதால் போர் தண்ணீரிலும் திரியவில்லை. ஷாம்புவில் இருப்பது வேறு வகை நுரைப்பான்.

முதலில் சாதாரண நாய் ஷாம்பு, பிசுக்கு எடுக்க. அலசியபின் மருந்து ஷாம்பு, அக்குளிலிருந்தும் தொடை இடுக்கிலிருந்தும் தொடங்கி. போட்டபின் பத்து நிமிஷம் ஊற வேண்டும். பலர் தோற்பது இங்கேதான், இரண்டு நிமிஷத்தில் அலசிவிடுவார்கள், பிறகு மருந்து பலிக்கவில்லை என்பார்கள். சீசருக்குத் தயிர் பைத்தியம். தட்டில் மெல்லிசாகத் தயிர் பூசிச் சுவரோடு பாட்டி பிடித்துக்கொள்வார், மகன் போனில் டைமர் வைப்பார். மழிப்பது, சொட்டு விடுவது போன்ற வேலைகளுக்கும் அதே தட்டு பிறகு உதவியது.

தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது நின்றது. ஈரத்துணியால் துடைப்பதோடு சரி. காதுக்கு, சொட்டு மருந்து முடிந்தபின், குளியல் நாளில் காது கழுவும் திரவம் விட்டு அடியில் பிசைந்து, வெளிவரும் அழுக்கைப் பஞ்சால் எடுப்பது. பட்ஸ் குச்சி உள்ளே போகக் கூடாது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும். மே மாதத்தில் மொட்டை மாடிக் கறுப்பு டேங்கிலிருந்து மத்தியானம் வரும் தண்ணீரை மட்டும் கையால் தொட்டுப் பார்க்காமல் ஊற்ற வேண்டாம் என்று எச்சரித்து வைத்தேன்.

துவட்டத்தான் அதிக நேரம். பழைய பருத்தி வேட்டிகள் டவலைவிட நன்றாக ஈரம் உறிஞ்சுகின்றன. தேய்க்காமல் அமுக்கி அமுக்கி எடுக்க வேண்டும். பிறகு ஹாலில் பெடஸ்டல் ஃபேன் முன்னால், மயிரைப் பிரித்துவிட்டபடி. கழுத்துக்கும் பின்தொடைக்கும் ஹேர் டிரையர், சூடில்லாத காற்றில். சூட்டில் வைத்தால் நாய்க்குத் தோல் வெந்துவிடும், அது நகர்ந்து சொல்வதற்குள். விரலை விட்டுப் பார்த்துத் தோல் உலர்ந்திருந்தால்தான் பட்டை. உண்ணி மருந்தைக் குளியலோடு மோதாத மாத்திரைக்கு மாற்றினேன்.

போக்கு

மூன்றாவது வார டேப்பில் ஈஸ்ட் அங்கொன்று இங்கொன்றாகத்தான் இருந்தது. வாடை அதற்கு முன்பே போய்விட்டதாக மருமகள் சொன்னார். டிசம்பரில் தொடர்ந்து மழை கொட்டிய நாட்களில் குளியலை விட்டுவிட்டு, பாதத்தையும் அக்குளையும் குளோர்ஹெக்சிடின் துணியால் துடைத்துக் காயவைக்க மட்டும் சொன்னேன். ஹாட் ஸ்பாட் திரும்பவில்லை. கழுத்தில் மயிர் முளைத்து மூடியது, அக்குளின் கறுப்பு மெல்ல வெளுத்து வருகிறது. இரண்டு காதும் இப்போது சுத்தம். மருந்து ஷாம்புவை வாரம் ஒன்றாக்கி, பிறகு பதினைந்து நாளைக்கு ஒன்றாக்கினோம். செவ்வாய்க்கிழமையை இழந்ததில் பாட்டிக்கு வருத்தம்.

பாதம் நக்குவது மட்டும் குறைந்ததே தவிர நிற்கவில்லை. குளியல் சரியானபின்னும் விரலிடுக்கில் அரிப்பு மிஞ்சுகிறது என்றால் அடியில் ஒவ்வாமை இருக்கலாம்: உணவாலோ, தூசி, பூச்சி போன்ற சுற்றுப்புறக் காரணங்களாலோ. லாப்ரடாரில் இரண்டும் பார்ப்பதுதான். ரத்தப் பரிசோதனையில் உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதை நான் நம்புவதில்லை. இதுவரை சாப்பிடாத ஒரே புரதத்தை எட்டு வாரம் கொடுத்து, பிறகு பழைய உணவைத் திரும்பக் கொடுத்து அரிப்பு வருகிறதா என்று பார்ப்பதே வழி. அந்த எட்டு வாரமும் சிக்கன் கிடையாது, பிஸ்கட் கிடையாது, தட்டில் பூசிய தயிரும் கிடையாது. தயிருக்குப் பதிலாக அந்தப் புதுப் புரதத்தையே குழைத்துப் பூசலாம் என்று மகன் சொல்லியிருக்கிறார். பொங்கலுக்கு விருந்தாளிகள் வந்து போனபின் தொடங்குவதாக ஏற்பாடு. அது முடியும்வரை பாத அரிப்புக்கான காரணம் இந்தக் குறிப்பில் நிரப்பப்படாமலே இருக்கும்.